வால்வு முன்னே, ஐசி பின்னே: ஹைப்ரிட் ஆம்ப் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹைப்ரிட் ஆம்ப்ளிஃபயர் (முன்பகுதியில் பழைய கண்ணாடிக் குழல் வால்வு, பின்பகுதியில் ஐசி) பற்றியவை. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து, ஊர்ப் பெயரோடு மட்டும் தருகிறோம்.

ஐசி ஆம்ப் போர்டுகள் நிறையச் செய்திருக்கிறேன். வால்வைத் தொட்டதில்லை. முதன்முதலாகச் செய்ய ஏற்ற ஹைப்ரிட் சர்க்யூட் ஒன்று சொல்லுங்கள். – வாசகர், திருப்பூர்

முழு வால்வு ஆம்ப்பில் விலையும் எடையும் போய்ச் சேரும் இடம் அவுட்புட் டிரான்ஸ்பார்மர். நல்லதாகச் சுற்றித் தர ஆள் கிடைப்பதும் அரிது. ஹைப்ரிட்டில் அந்தத் தலைவலியே இல்லை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 30 வாட் கொடுக்க உச்சத்தில் இரண்டே முக்கால் ஆம்பியர் வேண்டும். சிறிய டிரையோடு வால்வு (கேத்தோடு, கிரிட், பிளேட் என மூன்று முனை கொண்டது) தருவதோ சில மில்லி ஆம்பியர். ஆகவே வோல்டேஜை ஏற்றும் வேலை வால்வுக்கு, கரண்ட் தரும் வேலை ஐசிக்கு.

எங்கள் சிபாரிசு: ஒரே ஒரு 12ஏயூ7 (ஈசிசி82 என்பதும் இதுவே), பின்னால் இரண்டு எல்எம்3886. ஒரு வால்வுக்குள் இரண்டு டிரையோடுகள் இருப்பதால் ஸ்டீரியோவுக்கு ஒன்றே போதும். ஒரு சேனலுக்கான விவரம் இது.

உள்ளே வரும் சிக்னல் 50 கே (கிலோ ஓம்) வால்யூம் கண்ட்ரோலுக்குப் போகும். அதன் நடுக்காலிலிருந்து 1 கே வழியாக கிரிட்டுக்கு. இந்த 1 கே வால்வு சாக்கெட் காலிலேயே சால்டர் ஆக வேண்டும். நடுக்காலிலிருந்து கிரவுண்டுக்கு 470 கே ஒன்றும் போடுங்கள். வால்யூம் கண்ட்ரோல் தேய்ந்து தொடர்பு விட்டாலும் கிரிட் அந்தரத்தில் தொங்காது. கேத்தோடுக்கு 1.5 கே, அதற்கு பைபாஸ் கன்டென்சர் வேண்டாம். பிளேட்டுக்கு 47 கே, 1 வாட். பிளேட் சப்ளை 200 வோல்ட். பிளேட்டிலிருந்து 0.22 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் பாலியஸ்டர் கன்டென்சர். பிறகு தொடராக 68 கே, அங்கிருந்து கிரவுண்டுக்கு 22 கே. இந்த 68-ம் 22-ம் சந்திக்கும் புள்ளிதான் ஐசியின் 10-வது காலுக்குப் போகிறது. அதே புள்ளியில் இரண்டு 5.1 வோல்ட் ஸீனர்களை எதிரெதிராகத் தொடரில் வைத்து கிரவுண்டுக்கு இணையுங்கள். ஏன் என்பதை 'பட்' சத்தக் கேள்வியில் சொல்கிறோம்.

வால்வு சாக்கெட்டில் கால்கள் கீழிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில் எண்ணப்படும். முதல் டிரையோடு: பிளேட் 1, கிரிட் 2, கேத்தோடு 3. இரண்டாவது: பிளேட் 6, கிரிட் 7, கேத்தோடு 8. ஹீட்டர் 4, 5. ஒன்பதாவது கால் ஹீட்டரின் நடுப்புள்ளி; 12.6 வோல்ட் இணைப்பில் அதை விட்டுவிடலாம்.

எல்எம்3886: 1, 5 இரண்டும் பிளஸ் சப்ளை, 4 மைனஸ், 3 அவுட்புட், 7 கிரவுண்டு. அவுட்புட்டிலிருந்து 9-வது காலுக்கு 15 கே. 9-லிருந்து 1 கே, அதோடு தொடரில் 47 மைக்ரோஃபாரட் வைத்து கிரவுண்டு. கெயின் (பெருக்கம்) 16 வரும். இந்த ஐசி 10-க்குக் கீழ் கெயினில் நிலையாக இராது. 8-வது கால் மியூட். அதை 22 கே வழியாக மைனஸ் சப்ளைக்கு இழுத்தால்தான் பாடும். விட்டுவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் சத்தமே வராது. 'ஐசி போயிடுச்சு' என்று தூக்கிப் போடப்படும் எல்எம்3886-களில் பல இப்படிப்பட்டவை.

சப்ளை கால்களை ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக்கும் 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக்கும் வையுங்கள். அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 2.7 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் தொடரில். ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் 10 ஓம், 2 வாட் ரெசிஸ்டரின் மேல் பத்துப் பன்னிரண்டு சுற்று எனாமல் கம்பி சுற்றி, இரு முனைகளையும் ரெசிஸ்டர் கால்களிலேயே சால்டர் செய்யுங்கள். இவை இல்லாமலும் பாடும். ஆனால் பாட்டே போடாதபோது ஐசி கொதிக்கும். காதுக்கு எட்டாத உயரத்தில் அது தானாகவே ஆசிலேட் ஆகிக்கொண்டிருக்கும்.

வால்வுக்கு 200 வோல்ட் எங்கிருந்து எடுப்பது? வீட்டுக் கரண்டையே நேராக டயோடு போட்டுக் கொடுத்தால் என்ன? – வாசகர், கும்பகோணம்

கூடாது. 230 வோல்ட்டை நேராக ரெக்டிஃபை செய்தால் 325 வோல்ட் டிசி கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அப்போது உங்கள் சாஸி, வால்யூம் கண்ட்ரோலின் தண்டு, ஆம்ப்பில் செருகும் ஃபோன் எல்லாமே மெயின்ஸோடு சேர்ந்துவிடும். யு வரிசை வால்வுகள் போட்ட பழைய ஏசி/டிசி ரேடியோக்களில் இதுதான் நடந்தது. அவற்றில் மரப்பெட்டியும் பேக்கலைட் திருகும் மட்டுமே கைக்கும் மரணத்துக்கும் நடுவே இருந்தன. வெளிச் சாதனம் எதையும் இணைக்கும் ஆம்ப்பில் அந்த வேலைக்கு இடமே இல்லை.

மலிவான, பாதுகாப்பான வழி இரண்டு சாதாரண டிரான்ஸ்பார்மர்களை முதுகோடு முதுகாக வைப்பது. முதலாவது 230-க்கு 15 வோல்ட், 2 ஆம்ப். இரண்டாவது 15 வோல்ட், 500 மில்லி ஆம்ப். இதைத் திருப்பிப் போடுங்கள். முதலாவதின் 15 வோல்ட்டை இரண்டாவதின் 15 வோல்ட் பக்கம் கொடுத்தால் அதன் 230 பக்கத்தில் ஏறத்தாழ 200 வோல்ட் ஏசி வரும். 230 வராது. லோடில் குறையும் வோல்டேஜை ஈடுகட்ட செகண்டரியில் சில சுற்று கூடுதலாகச் சுற்றியிருப்பார்கள். திருப்பிப் போடும்போது அதே கூடுதல் நமக்குக் குறைவாகிறது. இங்கே அது நல்லதே.

நான்கு 1என்4007, பிறகு 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட், 4.7 கே 1 வாட், மறுபடி 47, 10 கே 1 வாட், மறுபடி 47. வால்வு சூடாகும்வரை எல்லா கன்டென்சரிலும் 280 வோல்ட் நிற்கும். சூடானபின் கடைசிக் கன்டென்சரில் 200-ஐ ஒட்டி இறங்கும். '200 வோல்ட்தானே' என்று 250 வோல்ட் கன்டென்சர் போடுபவர்கள் ஆன் செய்த முதல் அரை நிமிடத்தில் அதை இழப்பார்கள். முதல் கன்டென்சருக்குக் குறுக்கே 220 கே, 2 வாட் கட்டாயம். ஆஃப் செய்த பிறகு சார்ஜை வடிப்பது அதுதான். மூன்று நிமிடம் ஆகும். அதற்குப் பிறகும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

ஹீட்டருக்கு முதல் டிரான்ஸ்பார்மரின் அதே 15 வோல்ட்டிலிருந்து தனி பிரிட்ஜ், 4700 மைக்ரோஃபாரட் 35 வோல்ட், 7812 (12 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி). ரெகுலேட்டரின் நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் ஒரு 1என்4007 போட்டால் அவுட்புட் 12.6 ஆக ஏறும். ஹீட்டருக்கு வேண்டியது 150 மில்லி ஆம்ப்தான். 7812-க்கு ஒரு சிறு ஹீட் சிங்க் போதும். 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் ஏன் செய்யக்கூடாது என்று கேட்கலாம். செய்யலாம், கரண்ட் நன்றாக இருக்கும்வரை. மாலையில் மெயின்ஸ் 200-க்கு இறங்கினால் 7812-க்குப் போதிய வோல்டேஜ் கிடைக்காமல் 100 ஹெர்ட்ஸ் ஹம் ஹீட்டர் வழியாக உள்ளே வரும்.

ஐசிகளுக்குத் தனியாக 18-0-18, 4 அல்லது 5 ஆம்ப் டிரான்ஸ்பார்மர், 10 ஆம்ப் பிரிட்ஜ், பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட் 50 வோல்ட். பிளஸ் மைனஸ் 25 வோல்ட் வரும். சென்னை ரிச்சி தெருவானாலும் ஆன்லைனானாலும் இந்தப் பெரிய கன்டென்சர்களில் கவனம் தேவை. கட்டைவிரல் பருமனில் 10,000 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் நம்பாதீர்கள். மெயின்ஸ் பக்கம் 1.6 ஆம்ப் ஸ்லோ புளோ ஃபியூஸ். மூன்று பின் பிளக். எர்த் கம்பி சாஸியில் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும்.

12ஏயூ7-க்கு கெயின் 17 என்று படித்தேன். ஐசிக்கும் கெயின் உண்டு. இரண்டும் பெருகினால் அளவுக்கு மீறிப் போகாதா? – வாசகர், காரைக்குடி

போகும். ஹைப்ரிட் செய்பவர்களில் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். ஐசி முழு வால்யூமுக்கு வர அதன் வாசலில் ஒரு வோல்ட் போதும்; இன்றைய டிஏசிகள் (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக்கும் சாதனங்கள்) 2 வோல்ட் தருகின்றன. அதாவது உண்மையில் வால்வின் கெயினே தேவையில்லை! முன்னால் ஒரு வால்வை வைத்துவிட்டு முழுக் கெயினையும் எடுத்தால் வால்யூம் கண்ட்ரோல் எட்டு மணி நிலையிலிருந்து ஒன்பதுக்குத் திரும்பும் முன்பே வீடு அதிரும், கூடவே இரைச்சலும்.

17 என்பது வால்வின் மியூ, அதாவது வால்வு தரக்கூடிய உச்சப் பெருக்கம். சர்க்யூட்டின் கெயின் எப்போதும் அதைவிடக் குறைவு. கேத்தோடு பைபாஸை விட்டதால் அது 7, 8-க்கு இறங்குகிறது. 68 கே – 22 கே பிரிப்பான் அதில் கால்வாசியை மட்டும் ஐசிக்கு விடுகிறது. மொத்தம் 30-ஐ ஒட்டி வரும். அரை வோல்ட் உள்ளீட்டில் முழு அவுட்புட். ஃபோனுக்கும் சரி, டிஏசிக்கும் சரி.

குறைப்பதை வால்வுக்கு முன்னால் செய்யாமல் பின்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. பின்னால் வைத்தால் வால்வின் சொந்த இரைச்சலும் சேர்ந்து குறையும். அதோடு வால்வின் பிளேட்டில் 5, 6 வோல்ட் ஊசலாட வேண்டியிருக்கிறது. டிரையோடு தரும் இரண்டாம் ஹார்மோனிக் அப்போதுதான் கொஞ்சமாவது எட்டிப் பார்க்கும். வால்வின் நிறம் என்று மக்கள் சொல்வதில் பெரும்பங்கு அதுதான். கால் வோல்ட்டில் உலவும் வால்வுக்கு நிறமே கிடையாது, அலங்காரம்தான்.

முதல் தடவை ஆன் செய்யும்போது எதையெதைப் பார்க்க வேண்டும்? – வாசகர், தென்காசி

ஸ்பீக்கரையும் வால்வையும் இணைக்காமல் தொடங்குங்கள். சீரிஸ் போர்டில் (மெயின்ஸுக்குத் தொடரில் பல்பு வைக்கும் பலகை) 60 வாட் குண்டு பல்பு (எல்இடி பல்பு உதவாது) வைத்து ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட். அநேகமாக எல்எம்3886-இன் முதுகு ஹீட் சிங்கைத் தொட்டிருக்கும். முதுகில் உலோகம் தெரியும் வகையில் அந்த உலோகம் மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. மைக்காவும் புஷ்ஷும் வேண்டும். முதுகு பிளாஸ்டிக்கான டிஎஃப் வகைக்கு வேண்டாம். ஹீட் சிங்க் பேஸ்ட் இரண்டுக்கும் வேண்டும்.

ஐசி அவுட்புட்டில் டிசி 50 மில்லி வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 24 வோல்ட் காட்டினால் 9-வது காலின் 15 கே விட்டுப் போயிருக்கும், அல்லது கிரவுண்டு சேரவில்லை. ஹீட்டரில் 12-க்கும் 12.6-க்கும் இடையே பாருங்கள். ஆஃப் செய்து, மூன்று நிமிடம் பொறுத்து, வால்வைச் செருகி மறுபடி ஆன் செய்து, ஒரு நிமிடம் கழித்து கேத்தோடில் 3 முதல் 3.6 வோல்ட், பிளேட்டில் 85 முதல் 115. கேத்தோடில் பூஜ்யம், பிளேட்டில் முழு சப்ளை என்றால் வால்வில் கரண்ட் ஓடவில்லை, ஹீட்டரைப் பாருங்கள். அளக்கும்போது மீட்டரின் கருப்பு முனையைக் கிரவுண்டில் கிளிப் போட்டுவிட்டு ஒரு கையால் மட்டும் வேலை செய்யுங்கள். மற்ற கை சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஆன் செய்த பத்துப் பதினைந்து விநாடியில் ஸ்பீக்கர் கோன் முன்னும் பின்னும் போய் 'பட்' என்கிறது. – வாசகர், சேலம்

வால்வு குளிராக இருக்கும்போது பிளேட்டில் 280 வோல்ட். சூடானதும் நூறுக்கு இறங்குகிறது. அந்தச் சரிவு கப்பிளிங் கன்டென்சர் வழியே மெல்லிய உந்தலாக ஐசிக்குப் போகிறது. ஐசி உடனே விழித்துவிடும், வால்வு தாமதமாக விழிக்கும், அதுதான் சிக்கல். இரு ஐசிகளின் 8-வது கால் 22 கே-க்களையும் ஒன்றாக்கி, ஒரு சுவிட்ச் வழியாக மைனஸ் சப்ளைக்குக் கொடுங்கள். ஆன் செய்து 40 விநாடி கழித்து அந்தச் சுவிட்சைப் போட வேண்டும். ஆஃப் செய்யும்போது முதலில் அதை அணைக்க வேண்டும். மலிவு, ஆனால் வீட்டில் மற்றவர்கள் மறப்பார்கள்.

நாங்கள் பரிந்துரைப்பது யூபிசி1237 வைத்த ஸ்பீக்கர் பாதுகாப்பு போர்டு. ரிலே தாமதமாகச் சேரும். அதன் நேரம் போதாவிட்டால் டைமிங் கன்டென்சரைப் பெரிதாக்கலாம். அது அவுட்புட்டில் டிசி வந்தாலும் ஸ்பீக்கரைத் துண்டிக்கும். இந்த இரண்டாவது உபயோகமே முக்கியம். கப்பிளிங் கன்டென்சர் ஷார்ட் ஆனால் ஐசியின் வாசலில் இருபது வோல்ட்டுக்கு மேல் டிசி ஏறும். ஸீனர்கள் ஐசியைக் காக்கும். ஆனால் அவுட்புட்டில் டிசி நின்றுவிடும், அது வூஃபர் காயிலைச் சுடும். பழைய ரேடியோவில் கழற்றிய பேப்பர் கன்டென்சரை அந்த இடத்தில் போடவே போடாதீர்கள்.

எவ்வளவு முயன்றும் ஹம் போகவில்லை. – வாசகர்கள், ஈரோடு, நாகர்கோவில், தூத்துக்குடி

கண்ணை மூடிக் கம்பிகளை மாற்றாமல், முதலில் எங்கிருந்து வருகிறது என்று பிரியுங்கள். வால்யூமைப் பூஜ்யமாக்கினால் ஹம் போகிறதா? போனால் குற்றம் உள்ளீட்டுக் கம்பியில், அல்லது இணைத்த சாதனத்தில். போகாவிட்டால் ஆஃப் செய்து, பிளேட் சப்ளை வடிந்தபின் வால்வைக் கழற்றி மறுபடி ஆன் செய்யுங்கள். அப்போதும் ஹம் இருந்தால் வால்வைக் குறை சொல்லாதீர்கள். ஐசி பக்கத்துக் கிரவுண்டு வயரிங்தான்.

காதும் உதவும். 50 ஹெர்ட்ஸ் ஆழமான முனகல்; டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலமோ, எர்த் லூப்போ (எர்த் இரு வழியாகச் சேர்ந்து உண்டாகும் வளையம்). 100 ஹெர்ட்ஸ் கொஞ்சம் கூர்மையான 'பர்ர்'. ரெக்டிஃபயர் சார்ஜ் கரண்ட் சிக்னல் கிரவுண்டு வழியாக ஓடுகிறது. இரண்டு 10,000 மைக்ரோஃபாரட்களின் நடு இணைப்பில் ஒவ்வொரு அரைச் சுழற்சிக்கும் பல ஆம்பியர் துடிப்பாக ஓடும். அந்தத் தடித்த கம்பியின் மேலேயே எல்லாக் கிரவுண்டையும் சேர்த்தால் ஹம் நிச்சயம். அதிலிருந்து இரண்டு அங்குலக் கம்பி இழுத்து ஒரு போல்ட்டில் முடியுங்கள். ஸ்பீக்கர் திரும்பும் கம்பி, ஐசி கிரவுண்டு, வால்வு கிரவுண்டு, ஹீட்டர் மைனஸ் எல்லாம் தனித்தனியாக அங்கே வரட்டும். சாஸிக்கு அங்கிருந்து ஒரே ஒரு இணைப்பு. உள்ளீட்டு சாக்கெட்டுகள் சாஸியைத் தொடக்கூடாது. பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள். வால்யூம் கண்ட்ரோலின் உலோக உடல் மட்டும் சாஸியைத் தொட வேண்டும். விரல் வைத்தால் ஹம் குறைகிறது என்பவர்கள் அநேகமாக அதைத்தான் விட்டிருப்பார்கள்.

தகடு அடுக்கிய டிரான்ஸ்பார்மரை வால்வு சாக்கெட்டிலிருந்து அரை அடியாவது தள்ளி வைத்து, போல்ட் போடும் முன் கையால் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் ஹம் பாதியாகும். அந்த நிலையில் துளை போடுங்கள். (இந்தச் சோதனையில் மெயின்ஸ் முனைகளுக்கு ஸ்லீவ் மாட்டியிருக்க வேண்டும்.)

12ஏயூ7 கிடைக்கவில்லை. ஈசிசி83-ம் ஈசிசி88-ம் கையில் இருக்கின்றன. அதே சாக்கெட்டில் போடலாமா? – வாசகர், மதுரை

ஈசிசி83, அதாவது 12ஏஎக்ஸ்7, அதே சாக்கெட்டில் பொருந்தும், ஹீட்டரும் அதே. எரியாது, ஆனால் நன்றாகவும் பாடாது. அதன் மியூ 100, உள்மின்தடை 60 கே-க்கு மேல்; நமது 90 கே பிரிப்பானை ஓட்ட அதற்குத் தெம்பில்லை.

ஈசிசி88-ஐ அப்படியே செருகாதீர்கள். பிளேட், கிரிட், கேத்தோடு கால்கள் ஒன்றுதான், ஹீட்டர் வேறு. அது 4, 5-க்கு இடையே 6.3 வோல்ட் கேட்கும் வால்வு, 12.6 கொடுத்தால் வெள்ளையாக மின்னி முடிந்துவிடும். ஒன்பதாவது கால் அதில் ஹீட்டர் அல்ல, உள் தடுப்புத் தகடு. கிரவுண்டில் சேர்க்க வேண்டும். பிளேட்டின் எல்லை 130 வோல்ட். டிவி டியூனருக்காக 90 வோல்ட்டில் ஓடவென்று பிறந்தது அது. 6.3 வோல்ட் 365 மில்லி ஆம்ப் ஹீட்டர் சப்ளை, வேறு பிளேட் சப்ளை, வேறு ரெசிஸ்டர்கள் என்று புதிதாகத்தான் செய்ய வேண்டும். செய்தால் அருமையான வால்வு. பிசிசி88 என்றால் ஹீட்டர் 7 வோல்ட்.

பழைய வால்வு நல்லதா என்று டெஸ்டர் இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா? – வாசகர், புதுச்சேரி

உச்சியில் உள்ள வெள்ளிப் பூச்சைப் பாருங்கள். பால் வெள்ளையாகியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, குப்பைதான். 12ஏயூ7-இல் 4, 5 கால்களுக்கு இடையே குளிர்ந்த நிலையில் பத்து இருபது ஓம் காட்ட வேண்டும். மற்றபடி சர்க்யூட்டே டெஸ்டர். கேத்தோடு வோல்டேஜை 1.5 கே-யால் வகுத்தால் ஓடும் கரண்ட் தெரியும். 2 மில்லி ஆம்ப்பை ஒட்டி இருந்தால் நல்லது, ஒன்றுக்கும் கீழே என்றால் தேய்ந்தது. பென்சிலால் லேசாகத் தட்டினால் ஸ்பீக்கரில் 'டிங்' கேட்பது இயல்பு. தட்டியது நின்றும் ஒலி நிற்காவிட்டால் வேறு வால்வு பாருங்கள்.

ஆன்லைனில் 6ஜே1 வால்வு வைத்த சிறிய கிட்கள் 12 வோல்ட்டிலேயே ஓடுகின்றன. வால்வு அழகாக ஆரஞ்சு நிறத்தில் எரிகிறது. வாங்கலாமா? – வாசகர், கோவை

அந்த ஆரஞ்சு வெளிச்சம் பெரும்பாலும் சாக்கெட்டின் நடுவில் உள்ள எல்இடி. உண்மையான ஹீட்டர் கேத்தோடுக் குழலுக்குள் ஒளிந்து மங்கலாகத்தான் தெரியும். வால்வு வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். குறைந்த பிளேட் வோல்டேஜில் அரைகுறையாகச் செய்கிறது. ஷாக் அடிக்கும் வோல்டேஜ் இல்லாததால் சால்டரிங் பழக நல்ல பொம்மை.

ஹீட் சிங்க் எவ்வளவு பெரிதாக வேண்டும்? 4 ஓம் ஸ்பீக்கர் போடலாமா? – வாசகர், வேலூர்

25 வோல்ட் சப்ளையில் 8 ஓம் என்றால் ஒரு ஐசி மோசமான நேரத்தில் 18 வாட் வெப்பம் விடும். ஒவ்வொன்றுக்கும் வாட்டுக்கு 2 டிகிரி தரத்தில் ஹீட் சிங்க் இருந்தால் உங்கள் ஊர் சித்திரை வெயிலிலும் தாங்கும். 4 ஓமில் அதே ஐசி 34 வாட் விடும். அதே ஹீட் சிங்கில் உள்ளே 150 டிகிரியைத் தாண்டப் பார்க்கும். ஐசி தன்னைக் காத்துக்கொள்ள ஒலியை வெட்டி வெட்டித் தரும். அதைக் கேட்டு வால்வை மாற்றிப் பயனில்லை. 4 ஓம்தான் என்றால் ஹீட் சிங்கை இரட்டிப்பாக்குங்கள், அல்லது 15-0-15 டிரான்ஸ்பார்மருக்கு இறங்குங்கள். ஃபின்கள் செங்குத்தாக நிற்கட்டும், வால்வின் பக்கத்திலேயே வேண்டாம்.

வால்யூம் கொஞ்சம் திருப்பினாலே பாதிச் சத்தம் வந்துவிடுகிறது. – வாசகர், திண்டுக்கல்

கண்ட்ரோலின் முதுகில் பி50கே என்று போட்டிருக்கும், அது லீனியர். ஏ50கே (லாக் வகை) வாங்குங்கள்.